வின்ச் கொட்டகை வாசலில் கத்தரீன்

கேமரன் மலையில் ரயில் கிடையாது. தானா ராத்தா டவுனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் செம்பாக்கா தோட்டத்தில் தண்டவாளம் இருக்கிறது. ஏழாம் நம்பர் மலையின் அடிவாரத்தில் தொடங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வகிடு எடுத்ததுபோல் நேராக ஏறி, தொழிற்சாலையின் பின்புறத்தில் முடிகிறது. ஒரே பாதை, ஒரே பெட்டி. மேலே ஒரு தகரக் கொட்டகைக்குள் வின்ச். மோட்டார் சுற்றினால் உருளையில் கம்பிவடம் சுருளும், கொழுந்து மூட்டைகளோடு பெட்டி ஊர்ந்து மேலே வரும். இறங்கும்போது மோட்டாருக்கு வேலையில்லை. பெட்டி தன் கனத்திலேயே இறங்கும். வின்ச்சுக்காரர் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுவார். தோட்டத்தார் அதற்கு வைத்த பெயர் குட்டி ரயில்.

குட்டி ரயிலின் அடிவார நிலையத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டர், போர்ட்டர், மணியடிப்பவர் எல்லாமே கத்தரீன்தான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மூட்டைகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு மணிக்கம்பியை இழுப்பாள். மேலே மணி அடிக்கும், வின்ச் சுற்றத் தொடங்கும். மேலே இருப்பவர் பழனியப்பன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டுக்காரர். "ஒனக்கு எதுக்கு மணி? நீ சாதாரணமா பேசுனாலே பிரிஞ்சாங் வரைக்கும் கேக்குமே லா" என்று அவர் கேலி செய்வார். கத்தரீனின் குரல் அப்படி.

குரல் மட்டுமல்ல. லயத்துக் குழாயில் சேறாகத் தண்ணீர் வந்தபோது ஒரு வாளியை அப்படியே ஆபீசுக்குத் தூக்கிப்போய் குமாஸ்தாவான கிராணியின் மேசைமேல் வைத்து, "குடிங்க, நா பாக்குறேன்" என்றவள் அவள். மாதா கோயில் கூட்டத்தில் பாதிரியாரையே இடைமறித்துப் பேசுகிறவள். கணவன் லூயிஸ் உயிரோடு இருந்தவரை, "எம் பொண்டாட்டிகிட்ட வாதாடறதுக்கு நா வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்று சொல்லிச் சிரிப்பான்.

லூயிஸ் கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டியவன். ஒரு நாள் வளைவில் லோரி கவிழ்ந்து இறந்துபோனான். டிரைவர் தூங்கிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். பிரேக் சரியில்லை என்று அவன் ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தது கத்தரீனுக்குத் தெரியும். பதினாறாம் நாள் பூசை முடிந்ததும் லோரி முதலாளியான தவுக்கேயிடம் போய், லோரியின் பிரேக்கைப் பார்க்க வேண்டும் என்றாள். "எந்த லோரி?" என்று கேட்டார் தவுக்கே. அது ஏற்கனவே பழைய இரும்புக் கடைக்குப் போய் உருகியிருந்தது.

எந்த லோரி. அந்த இரண்டு சொல்லுக்கு அவளிடம் பதில் இல்லாமல் போனது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. முதல் நடைக்காகக் காலிப் பெட்டி மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கத்தரீன் கீழே நின்று இரண்டு வங்காளதேசத் தொழிலாளர்களுக்கு மூட்டை கட்டக் கயிறு கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதி மலைவரை பெட்டி ஒழுங்காக வந்தது. பிறகு சத்தம் மாறியது. சக்கரம் கடகடவென்று பேசுவதை விட்டு ஊளையிட ஆரம்பித்தது.

"ஓடு! ஓடுங்கடா!"

தமிழ் தெரியாத அந்த இருவரும் அந்தக் குரலைப் புரிந்துகொண்டு ஓடினார்கள். கத்தரீன் செடிகளுக்குள் பாய்ந்தாள். பெட்டி அடிவாரக் கட்டையில் மோதி, தண்டவாளத்தை விட்டு எகிறி, வாய்க்காலில் தலைகுப்புற விழுந்தது. அவள் சற்றுமுன் நின்ற இடத்தில் மரச்சிராய்கள் கிடந்தன.

எழுந்தாள். மேலே கத்தினாள். "பழனியண்ணே!" பதில் இல்லை. மலையேறினாள்.

கொட்டகைக்குள் பழனியப்பன் சுவரோரம் சாய்ந்து கிடந்தார். பிரேக் கைப்பிடி திருப்பி அடித்து இடுப்பை நொறுக்கியிருந்தது. முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

"நா புடிச்சேன், கத்தரீன். முழு பலத்தோட புடிச்சேன். வழுக்கிட்டுப் போயிருச்சு."

"பேசாதீங்கண்ணே."

"கீழ யாருக்கும்...?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. பேசாதீங்கன்னா கேளுங்க லா."

தோட்டத்துக் காரில் அவரை ஏற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மனைவி மாரியம்மா கூடவே ஏறிக்கொண்டாள். கார் வளைவில் மறைவதற்குள் லயத்தில் ஒரு கதை கிளம்பிவிட்டது. நேற்று பூஜைக்குப் பிறகு பழனி தண்ணி போட்டிருந்தானாம், இன்னும் தெளியவில்லையாம். பழனியப்பன் குடிக்காதவர் அல்ல. ஆனால் வேலைக்குக் குடித்துவிட்டு வந்து யாரும் பார்த்ததில்லை. கதைக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை.

கத்தரீனுக்கு அந்தக் கதை எங்கே போய் முடியும் என்று தெரிந்தது. குடித்துவிட்டு வின்ச் ஓட்டினார் என்று எழுதினால் வேலை போகும். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். நொறுங்கிய இடுப்போடு பழனியப்பன் ஆஸ்பத்திரியிலிருந்து எந்த வீட்டுக்கு வருவார்?

தோட்ட மேனேஜர் துரை வந்தார். விமலன் என்று பெயர், கோலாலம்பூர்க்காரர், தமிழர், முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பழனியப்பனைப் பற்றித்தான் முதலில் கேட்டார். அப்புறம் மலையைப் பார்த்தார். கொழுந்து துளிர்த்துத் தள்ளும் பருவம். வெட்டிய கொழுந்து மூட்டைக்குள் கிடந்தால் சூடேறிப் போய்விடும்.

"ஈப்போவுக்கு போன் பண்ணிட்டேன். மெக்கானிக் மத்தியானம் வந்துருவாங்க. புது பிரேக் பட்டை மாட்டி, பெட்டிய தூக்கி வச்சா சாயங்காலம் ஓட்டிரலாம். எல்லாரும் கொஞ்சம் இடத்த சுத்தம் பண்ணுங்க."

"துரை, இத யாரு விசாரிப்பா?" கத்தரீன் கேட்டாள்.

"விசாரணை நடக்கும். நானும் கிராணியும் இருப்போம்."

"உங்க வின்ச்சு, உங்க பெட்டி. நீங்களே விசாரிச்சு நீங்களே எழுதிக்குவீங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"வேற யாரு விசாரிக்கணும்?" துரையின் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார். "இது என்ன நாடு பூரா ஓடுற கேடிஎம் ரயிலா?"

யார் என்று கத்தரீனுக்கும் தெரியாது. ஆனால் பதில் தெரியும்வரை எதுவும் நகரக்கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஒரு காலிச் சாக்கை மடித்துப் போட்டு, கொட்டகை வாசலில் உட்கார்ந்தாள். அந்த வாசல் ஓர் ஆள் அகலம்தான். அவளைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது.

"யாருன்னு தெரிஞ்சதும் சொல்றேன், துரை."

மகள் டிஃபனி பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் தொலைபேசியில் மற்றவர்களின் புகாரைக் கேட்பதுதான் அவள் பிழைப்பு. வாசலிலிருந்தே அம்மா போன் பண்ணிச் சொன்னதும், அன்று முதன்முறையாக அவள் புகார் கொடுப்பவளானாள். ஒவ்வோர் இடமாக அழைத்து, அம்மாவுக்குத் திரும்பச் சொன்னாள்.

"மா, ரயிலுக்காரங்ககிட்ட பேசுனேன். கேமரன் மலையில எங்களுக்கு தண்டவாளமே கெடையாதே, எங்க வந்து விசாரிக்கிறதுன்றாங்க."

"இருக்குன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன் மா. உங்க தண்டவாளம் எங்க தண்டவாளம் இல்லன்றாங்க."

போலீஸ் நிலையத்தில் பொறுமையாகக் கேட்டார்கள், காயம்பட்டவர் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். ஆனால் சாலை விபத்து என்றால் சாலை வேண்டும். வண்டிகளைச் சோதிக்கும் ஆபீசில் ஒரு பெண் வண்டியின் நம்பர் பிளேட்டைக் கேட்டாள்.

"பிளேட்டு இல்ல, மணிதான் இருக்குன்னு சொல்லு."

"மா, வெளையாடாதீங்க. என் மேனேஜர் மொறைக்கிறாரு."

வாசலுக்கு வெளியே கூட்டம் கலையவில்லை. ஒவ்வொரு அழைப்பின் முடிவையும் கத்தரீன் சத்தமாக அறிவித்தாள். ரயில் இல்லையாம். ரோட்டு வண்டி இல்லையாம். லிப்டுகளைச் சோதிக்கிறவர்களுக்கு லிப்டும் இல்லையாம். "அப்ப இது என்னதான்லா, பேயா?" என்றார் ஒருவர். கத்தரீனின் தம்பி ஜோனத்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "எந்திரிச்சு வாக்கா, எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றான்.

"சிரிக்கட்டும். அழறதுக்கு மாரியக்கா மட்டும் போதும்."

அடுத்து டிஃபனி அழைத்தபோது அவள் குரல் மாறியிருந்தது. குவாந்தானில் வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலாகாவில் ஒருவர் மூன்றே கேள்வி கேட்டாராம். வேலை நடக்கும் இடமா? இயந்திரமா? ஆளுக்குக் காயமா? ஆமாம், ஆமாம், ஆமாம். "அப்படின்னா நாங்கதான் விசாரிக்கணும். நாளைக்கு ஆள் வருவாங்க. அதுவரைக்கும் எதையும் தொட விடாதீங்க" என்றாராம்.

கத்தரீன் தலையைத் தூக்கி, மலை முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னாள். "யாருன்னு தெரிஞ்சிருச்சு, துரை!"

விமலன் துரை தாமே அந்த எண்ணை அழைத்துப் பேசினார். திரும்பி வந்தபோது சற்று அடங்கியிருந்தார். ஆனாலும் விட்டுவிடவில்லை. "சரி, அவங்க வரட்டும். நாம எல்லாத்தையும் படம் எடுத்து வச்சுக்கலாம். படம் எடுத்துட்டு மாத்திரலாம்."

"எம் புருஷன் லோரியக்கூட படம் எடுத்தாங்க, துரை. படத்துல பிரேக்கு தெரியல."

துரை அவள் பக்கம் குனிந்தார். பிறகு, "கத்தரீன், நீங்களும் தோட்டத்து வீட்டுலதான் இருக்கீங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ஆமா துரை," என்றாள் கத்தரீன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நானும் தோட்டத்து வீட்டுலதான் இருக்கேன். காலி பண்ணச் சொல்றீங்களா? இவங்க முன்னாடியே சொல்லுங்க."

துரை தொழிற்சாலைப் பக்கம் நடந்தார்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் சொந்த ஆட்களிடமிருந்து. ஹரிதாஸ் வந்தான். தொழிற்சாலையில் வெல்டர், லயத்து மாரியம்மன் கோயில் கமிட்டிக்குத் தலைவன். கையில் ஒரு ஈரத் துணி.

"அக்கா, கொஞ்சம் நகருங்க. ரெண்டு நிமிஷம். ஒண்ணத்தையும் கழட்ட மாட்டேன், தொடச்சிட்டு வந்துர்றேன்."

"என்னத்த தொடைக்கப் போற?"

அவன் உள்ளே பார்த்தான். கத்தரீனும் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து முதுகுக்குப் பின்னால் இருந்ததை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். வின்ச் உருளையின் ஓரத்தில், பிரேக் பட்டை அணைத்துப் பிடிக்கும் அந்த இரும்பு வளையத்தில், இழுபட்டுப் போன மஞ்சள் தடம். அங்கங்கே குங்குமச் சிவப்பு. அதற்கு அடியில் எண்ணெயின் மினுமினுப்பு.

வருஷா வருஷம் நடப்பதுதான். ஆயுத பூஜையன்று தொழிற்சாலையின் எல்லா இயந்திரங்களையும் துடைத்து, எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவார்கள். இயந்திரம் சோறு போடுகிறது. அதற்கு ஒரு நாள் மரியாதை. வின்ச்சுக்கு எப்போதும் வெளிப்புறத் தகர மூடியில்தான் பொட்டு விழும். இந்த வருஷம் மூடி இல்லை. சில மாதங்களுக்கு முன் ஏதோ பழுதுக்காகக் கழற்றி, சுவரோரம் சாய்த்து வைத்து, அப்படியே விட்டுவிட்டார்கள். உருளை கண்ணுக்கு முன்னால் பெரிய முகம்போல இருந்தது. ஹரிதாஸ் பக்தியோடு அந்த முகத்துக்கே அலங்காரம் செய்துவிட்டான்.

"ஹரி," என்றாள் கத்தரீன். "நீயா வச்ச?"

"தெரியாம வச்சுட்டேன்கா. அழகா இருக்கட்டும்னுதான். அது பிரேக்கு புடிக்கிற எடம்னு எனக்கு தோணவே இல்ல." அவன் கண் கலங்கியிருந்தது. உடனே கோபம் வந்தது. "இத வெளியாளு பாத்தா என்னா ஆகும் தெரியுமா? பூஜையே நிறுத்திருவாங்க. சாமி கும்பிட்டதாலதான் ஆக்சிடன்ட்டுன்னு பேப்பர்ல போடுவாங்க. நம்மள பாத்து நாடே சிரிக்கும்."

"நீ தொடச்சிட்டா பிரேக்கு ஏன் வழுக்கிச்சுன்னு யாருக்கும் தெரியாது. பழனியண்ணன் மட்டும்தான் மிச்சம். குடிகாரன்னு எழுதிருவாங்க."

"ஒங்களுக்கு என்னா? ஒங்க சாமிக்கா பூஜ பண்ணோம்? எங்க சாமி மானம் போனா ஒங்களுக்கு வலிக்காதுல்ல."

இத்தனை வருடம் ஒரே லயத்தில், தீபாவளிப் பலகாரமும் கிறிஸ்மஸ் கேக்கும் மாற்றிக்கொண்டு வாழ்ந்தவர்கள். இப்படி ஒரு வார்த்தை அங்கே விழுந்ததில்லை. ஜோனத்தன் அக்காவின் தோளைத் தொட்டு, வா போகலாம் என்பதுபோல் அழுத்தினான்.

கத்தரீனுக்கு வலித்தது. எழுந்து போய்விட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நாளைக்கு எல்லாரும் பழையபடி பேசுவார்கள். தோளில் இருந்த தம்பியின் கையை எடுத்துவிட்டாள்.

"எனக்கு வலிக்குதா இல்லையான்னு ஆண்டவருக்குத் தெரியும். நா சாமிய காட்டிக் குடுக்க உக்காரல, ஹரி. என் மேல ஏறி மிதிச்சுட்டு உள்ள போ. போய் தொட. வா."

ஹரிதாஸ் துணியைப் பிழிந்துகொண்டு நின்றான். மிதிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை.

ஈப்போவிலிருந்து மெக்கானிக்குகள் வந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார்கள், துரையைப் பார்த்தார்கள், லோரிக்குத் திரும்பிப் போய் சாப்பாட்டுப் பாக்கெட்டைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தார்கள். மலையில் மூட்டைகள் சூடேறிக்கொண்டிருந்தன. கொழுந்து வெட்டும் ஆட்களை நிறுத்தச் சொல்லிவிட்டார் துரை. அரை நாள் வேலை போன முணுமுணுப்பும் கத்தரீன் கணக்கிலேயே சேர்ந்தது.

மதியம் தாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து மாரியம்மா வந்தாள். ஆபரேஷன் ஈப்போவில்தானாம், நாளைக்குக் கொண்டுபோவார்களாம். துணி எடுக்க வந்தவளிடம் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்கள். கொட்டகைக்கு நேராக வந்து, கத்தரீனின் தோளுக்கு மேலாக எட்டி உள்ளே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அந்த சந்தனத்த நாந்தான் கரச்சுக் குடுத்தேன்," என்றாள்.

ஹரிதாஸ் தலை குனிந்தான்.

"நாந்தான் கரச்சேன். இவந்தான் வச்சான். அவருதான் கும்புட்டாரு. இதுல மறைக்கிறதுக்கு என்னாடா இருக்கு, ஹரி?"

"மாரிக்கா, கோயிலுக்கு கெட்ட பேரு..."

"எம் புருஷன குடிகாரன்னு சொல்றப்போ கோயிலுக்கு நல்ல பேரா வருது? கமிட்டி தலைவரு அப்ப எங்கடா போயிருந்த?" கத்தரீன் பக்கம் திரும்பினாள். "நீ போய் சோறு தின்னுட்டு வா. மூஞ்சியப் பாரு. நா உக்காந்துக்கிறேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போகல நீ?"

"அங்க அவரப் பாக்க நர்சு இருக்கு. இங்க யாரு இருக்கா?"

இருவரும் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். இருட்டியதும் ஜோனத்தன், யாரும் கேட்காமலே, போர்வையும் ஒரு குடுவைத் தேத்தண்ணீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தானும் அங்கேயே நின்றான். அக்காவைத் திட்டிக்கொண்டேதான் நின்றான்.

மறுநாள் முற்பகலில் அதிகாரி வந்தார். கூட்டம் ஓர் ஆணை எதிர்பார்த்திருந்தது. இறங்கியவர் ஒரு மலாய்க்காரப் பெண். மலைப் பாதை வளைவுகளில் குடலைப் புரட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் காரியமாகத் தண்ணீர் வாங்கிக் குடித்து, கார் கதவைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றார். "இதுவா விசாரிக்கப்போகுது?" என்று பின்வரிசையில் ஒருவர் முனகினார்.

கண்ணைத் திறந்ததும் அவர் வேறு ஆளாக இருந்தார். முதலில் கீழே போய் வாய்க்காலில் கிடந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு மலையேறி வந்தார். கொட்டகை வாசலில் இரண்டு பெண்கள்.

"யாராவது உள்ளே போனார்களா?" என்று மலாயில் கேட்டார்.

"அடிபட்டவரைத் தூக்கியபிறகு யாரும் போகவில்லை, புவான்," என்றாள் கத்தரீன் அதே மொழியில், மேடம் என்பதற்கான மலாய்ச் சொல்லைச் சேர்த்து. எழுந்து வழிவிட்டாள். ஒரு நாள் முழுக்க மடங்கியிருந்த முழங்கால் நிமிர மறுத்தது. மாரியம்மாதான் பிடித்துத் தூக்கினாள்.

அதிகாரி விளக்கடித்துப் பார்த்தார். படம் எடுத்தார். கையுறை விரலால் உருளையைத் தொட்டு மூக்கருகில் கொண்டுபோனார். திரும்பி, "இது என்ன? யார் பூசியது?" என்றார்.

மாரியம்மா வாயைத் திறந்தாள். அவள் பேசுவதற்குள் ஹரிதாஸ் முன்னால் வந்துவிட்டான்.

"நான்தான், புவான்." உடைந்த மலாயில், என்ன பூஜை, ஏன் செய்வார்கள், எப்படிச் செய்தான் என்று சொன்னான்.

அதிகாரி சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. சுவரோரம் சாய்ந்திருந்த தகர மூடியைக் காட்டி, "இது எதனுடையது?" என்றார்.

"வின்ச்சுடையது, புவான்."

"எப்போது கழற்றியது?"

ஹரிதாஸ் துரையைப் பார்த்தான். துரை கிராணியைப் பார்த்தார். கிராணி மலையைப் பார்த்தார்.

அதிகாரி துரையிடம் திரும்பினார். "மூடி இருந்திருந்தால் இவர் கை பிரேக்கைத் தொட்டிருக்காது. சரி, இந்தப் பிரேக் தவறினால் பிடிப்பதற்கு இன்னொரு பிரேக் எங்கே?"

"ஒன்றுதான் இருக்கிறது."

"சத்து சாஜா?" ஒன்றே ஒன்றா என்று திரும்பக் கேட்டார். எழுதிக்கொண்டார். பிறகு தெளிவாக, பின்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார். எண்ணெயாலும் சந்தனத்தாலும் பிரேக் வழுக்கியது. அதில் சந்தேகமில்லை, அதையும் எழுதுவேன். ஆனால் மூடி இல்லாமல் ஓட்டியதும், மலைச்சரிவில் ஒரே பிரேக்கை நம்பிப் பெட்டியை இறக்கியதும் தோட்டத்தின் பொறுப்பு. வின்ச்சுக்காரர் குடித்திருந்தார் என்று யாராவது சொல்ல விரும்பினால், பார்த்தவர் பெயரோடு இப்போதே சொல்லலாம்.

நேற்று கதை சொன்னவர்கள் செடியில் பூச்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழனியப்பனுக்கு வேலையும் நிலைத்தது, வீடும் நிலைத்தது. இடுப்பில் ஆணி வைத்து ஈப்போவிலிருந்து திரும்பியபோது அதே கதவைத்தான் திறந்து உள்ளே போனார். பூஜையையும் யாரும் நிறுத்தவில்லை. இயந்திரத்தின் வெளி மூடியைத் தவிர வேறெங்கும் கை படக்கூடாது என்று கோயில் கமிட்டியே தீர்மானம் போட்டது.

ஆனால் குட்டி ரயிலுக்கு முத்திரை விழுந்தது. மூடியும் இரண்டாவது பிரேக்கும் பொருத்தி, மறுபடி சோதித்து அனுமதிக்கும்வரை ஒரு நடைகூட ஓடக்கூடாது. இரண்டாவது பிரேக் எங்கிருந்தோ கப்பலில் வர வேண்டுமாம். அதுவரை ஏழாம் நம்பர் மலையின் கொழுந்து மனிதர் முதுகில்தான் ஏற வேண்டும்.

ஏறியது. மழைக் காலத்தில், வழுக்கும் படிக்கட்டில், மூட்டை மூட்டையாக. ஒவ்வொரு மூட்டையும் ஏறும்போது கத்தரீனின் பெயரும் கூடவே ஏறியது. நல்ல வார்த்தைகளோடு அல்ல. அடிவார நிலையத்துக்கு வேலை இல்லாததால் அவளும் மூட்டை தூக்கினாள். திட்டுகிறவர்களுக்கு நடுவிலேயே தூக்கினாள். "திட்டுறதுன்னா மூச்ச மிச்சம் வச்சுக்கிட்டு திட்டுங்க, இன்னும் பாதி மலை இருக்கு" என்பாள். விமலன் துரை எதிரில் வந்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு நாள் சாரல் வலுத்து, மலையின் கறுப்பு மேகம் தொழிற்சாலைக் கூரைமேல் இறங்கியபோது, அடிவாரத்தில் இன்னும் ஒரு குவியல் மூட்டை கிடந்தது. பெட்டியை ஏற்கனவே தண்டவாளத்தில் தூக்கி வைத்திருந்தார்கள். கிராணி குடையோடு வந்து நின்றார்.

"ஒரே ஒரு நடை இழுத்துரலாமே லா," என்றார் பொதுவாக. "ஏத்தறதுக்கு மோட்டாரு போதும். யாரு வந்து பாக்கப்போறா?"

நனைந்த முதுகுகள் நிமிர்ந்தன. ஆசையாகத்தான் இருந்தது. ஹரிதாஸ்கூடத் தண்டவாளத்தைப் பார்த்தான். பிறகு எல்லாக் கண்களும் கத்தரீன் மேல் திரும்பின.

"ஓட்டுங்க," என்றாள் அவள். "ஏறுற பெட்டி எறங்கவும் செய்யுமில்ல? எறங்கும்போது கீழ யாரு நிக்கிறதுன்னு மட்டும் சொல்லிட்டு ஓட்டுங்க. நீங்களா, கிராணி?"

கிராணி குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"எனக்கு ஆபீசுல வேல இருக்கு," என்றார்.

ஹரிதாஸ் வாய்விட்டுச் சிரித்தான். குனிந்து ஒரு மூட்டையைத் தன் தோளுக்கு ஏற்றிவிட்டு, இன்னொன்றைத் தூக்கிக் கத்தரீனின் முதுகில் வைத்தான். "ஏறுங்கக்கா. ஒங்களத் திட்டிக்கிட்டே பின்னால வர்றேன்."

"சத்தமா திட்டு. மழையில காது கேக்காது."

இருவரும் மழைக்குள் ஏறினார்கள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.